சுண்டெலியின் குரல்

"தம்பி, போர்ட்டுன்னு சொல்ற வழியைத் திறந்துவிட்டா பேச்சும் கேக்குமா?"

ரவுட்டருக்கு முன்னால் லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் நிமிர்ந்தார்.

"கேக்கும்மா. இப்ப கம்ப்யூட்டர் ஆட்டம் மட்டும் போகுது, குரல் வெளியவே நின்னுடுது. சார் எங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தானே?"

அவள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். புது ஹெட்ஃபோனை மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாட்டுவதா கீழே மாட்டுவதா என்று கணவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பேச்சு மட்டும் வராம பண்ண முடியாதா?" என்றாள் மெதுவாக.

"என்னம்மா இது! மத்த வீட்டுல கேமையே நிறுத்தச் சொல்லுவாங்க."

"அந்த கேமை நான் குறை சொன்னா என் வாய் வெந்துபோகும் தம்பி."

உண்மைதான். ரயில் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சுவரையே வெறித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த டாங்கிச் சண்டை விளையாட்டுதான் அவரை மறுபடி மனுஷனாக்கியது. அதிலும் 'சுண்டெலி' என்ற பெயரில் ஒரு கூட்டாளி கிடைத்த பிறகு கேட்கவே வேண்டாம். யார், எவர் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. எழுத்திலேயே ஏசிக்கொண்டார்கள், எழுத்திலேயே சிரித்துக்கொண்டார்கள். போன பசியும் தூக்கமும் அவருக்குத் திரும்பி வந்தன. சுண்டெலியை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறையும்.

இப்போது திடீரென்று, "தட்டித் தட்டி விரல் தேயுது. நாலு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சுபோச்சு?" என்று அவராகவே ஆளை வரவழைத்துவிட்டார்.

"குரல் கேட்டா அப்படி என்னம்மா ஆயிடும்?"

"ஆட்டத்தையே விட்டுடுவார். அவரை எனக்குத் தெரியாதா?"

டெக்னீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எண்களைத் தட்டினார். ரவுட்டரை ஒருதரம் அணைத்துப் போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.

"சார், ஆச்சு! இனி தாராளமா பேசலாம்."

"மகராசனா இருப்பா!" அவர் டெக்னீஷியனின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் பையே கீழே விழுந்தது.

கதவைச் சாத்திவிட்டு அவள் போனைத் தேடி ஓடினாள். அதற்குள் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது.

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளைப் பற்றி, "இனி அவ குரல் என் காதுல விழக்கூடாது" என்று சொன்னவர் அவர். ஆட்டத்தில் அவர் வைத்திருந்த பெயரை அந்த மகளுக்குச் சொல்லி, சுண்டெலியாக உள்ளே அனுப்பியவள் இவள்.

"ஹலோ... சுண்டெலி?"

இவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"பேசும்மா. ஏன் பயப்படறே? முதல் ஆட்டத்துலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஜெயிக்கிற நேரத்துல அவசரப்பட்டு வெளிய ஓடிவந்து மாட்டிக்கிறது உன்னைவிட்டா யாரு?" அவர் குரல் உடைந்தது. "உன் குரலைக் கேக்கத்தான் ஆளைக் கூட்டிவந்து இத்தனை பாடு. உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சுவிடாதே, வீம்புக்காரன் தோத்துட்டான்னு சிரிப்பா!"