நானூற்றுப் பத்து வரட்டும்

“நானூத்திப் பத்துக்கு வாங்கின பங்கு. நானூத்திப் பத்து வரட்டும், விக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வங்கியில் வேலை பார்ப்பவன். பணத்தைப் பற்றி யார் தப்பாகப் பேசினாலும் அவனால் தாங்க முடியாது. அதுவும் அக்கா புருஷன் பேசினால்!

“அத்தான், இன்னைக்கு விலை இருநூத்தி அறுபது. நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்தப் பங்குக்குத் தெரியுமா? சந்தைக்குத் தெரியுமா? வாங்கின விலையைக் கட்டிக்கிட்டு அழறதை விடுங்க. இனிமே ஏறுமா, இறங்குமா, அது மட்டும்தான் கேள்வி.”

“ஏறும்.”

“எப்ப?”

“ஏறும்போது” என்றபடி அத்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா கூடத்தின் நடுவில் இருந்த வாளியை எடுத்து, சன்னல் வழியே தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒழுகும் இடத்தில் வைத்தாள்.

“பாத்தியாடா? மூணு வருஷமா இதே பல்லவி. வித்தா கூரையைப் புதுசாப் போட்டுடலாம். இந்த மழைக்கே தலையில விழுந்துடும் போல இருக்கு. எவ்வளவு சொன்னாலும் சுவத்துல முட்டிக்கிற மாதிரிதான்.”

“படிச்ச மனுஷனுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாதுக்கா.”

“இந்தா, அவரு போன். பூட்டுத் திறக்கிற நம்பர் ஒண்ணு ரெண்டு மூணு நாலு. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நீயே வித்துடு. வர்ற சண்டையை நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு அக்கா, உள்ளறையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் போனாள்.

தம்பி கொஞ்சம் தயங்கினான். பிறகு, இந்த மனுஷருக்கு இதுதான் சரி என்று போனைத் திறந்தான்.

கணக்கில் ஒரு பங்குகூட இல்லை.

பழைய பட்டியலைத் தேடினான். மூன்று வருடத்துக்கு முன்பே மொத்தமும் விற்றாகிவிட்டது. விலை, நூற்றுப் பதினெட்டு. அதைவிடக் கீழே அந்தப் பங்கு போனதே இல்லை. எந்த மடையன் இந்த விலைக்கு விற்பான் என்று தேதியைப் பார்த்தான்.

லாரி மோதி அவன் கால் நொறுங்கிக் கிடந்த வாரம். ஆபரேஷனுக்கு முதல் நாள். “எங்க ஆபீஸ்ல மருத்துவ நிதி இருக்கு மாப்பிள்ளை, திருப்பிக் கட்ட வேண்டாம்” என்று சொல்லி, அத்தான்தான் ஆஸ்பத்திரியில் பணம் கட்டினார்.

வாங்கின விலை அன்றைக்கு அவர் கண்ணில் படவே இல்லை.

இத்தனை நேரம் பாடம் எடுத்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. அவன் கையில் போனைப் பார்த்ததும் அத்தான் பதறிக் கிட்டே வந்தார்.

“அக்காகிட்ட சொல்லிடாதே மாப்பிள்ளை. ஆயுசுக்கும் உனக்குச் சொல்லிக் காட்டுவா” என்றார், குரலைத் தாழ்த்தி.

“என்னடா, வித்துட்டியா?” உள்ளே இருந்து அக்கா கத்தினாள்.

தம்பி போனை அத்தான் கையில் கொடுத்தான்.

“இல்லக்கா. அத்தான் சொல்றதுதான் சரி, இப்ப விக்க வேண்டாம். கூரையை நான் போட்டுத் தரேன்.”

“நாசமாப் போச்சு! வீட்டுக்கு ஒரு கிறுக்கு போதாதுன்னு நீயும் சேந்துட்டியா?”