வினிகர் மீன்

ஐஸ் வாளியில் தம்பியின் ஒயின் பாட்டில்கள் கழுத்துவரை புதைந்து கிடந்ததைப் பார்த்ததும் ரெஜீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில்தான் தம்பி காஸ்தோனை அடக்கம் செய்திருந்தார்கள். ஒயின்காரர் செத்தால், அவர் கடைசியாகச் செய்த ஒயினைச் சாவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் ஊற்றுவது பிரான்ஸில், பர்கண்டிப் பக்கத்து அந்த ஊரின் வழக்கம். அதைக் குடித்துப் பார்த்துத்தான் ஊர் அவருக்குக் கடைசி மார்க் போடும்.

காஸ்தோனின் வெள்ளை ஒயின் லேசுப்பட்டதல்ல. ஓக் பீப்பாயில் கிடந்து, வெண்ணெயும் வறுத்த பருப்புமாக மணக்கும். அடியில் மரத்தின் மெல்லிய புகைவாசம். ஐஸில் போட்டால் அத்தனையும் அமுங்கிப் போகும். ஒயின்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது?

சாப்பாடு அதற்கு மேல். இந்த ஒயினுக்கு க்ரீமில் வெந்த கோழி வைக்கலாம், நாள்பட்ட சீஸ் வைக்கலாம். தம்பி பெண்டாட்டி மிரேய் வைத்திருந்ததோ வினிகரில் ஊறிய மீன். வினிகர் பட்ட நாக்கில் எந்த ஒயினும் எடுபடாது.

ஒயின் ருசி பார்ப்பதில் ஊரிலேயே பெரிய நாக்குக்காரர் என்று பெயர் வாங்கிய பக்கத்துத் தோட்டத்து லூசியன், ஒரு வாய் குடித்தார். எதுவும் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் மீன் கேட்டு வாங்கிக்கொண்டார். குத்திக்காட்டுகிறார் என்று ரெஜீனுக்கு உடம்பு கூசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

கிளாஸோடு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"ஏம்மா மிரேய், அவன் மேல அப்படி என்ன கோபம் உனக்கு? அடக்கம் பண்ணின அன்னிக்கே பேரைக் கெடுக்கணுமா?"

மிரேய் பாத்திரம் கழுவிக்கொண்டே நின்றாள்.

ஒயின் ரொம்பவும் சில்லென்று வந்தால் கிளாஸை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றுவது அந்த ஊர்க்காரர்களின் கைப்பழக்கம். திட்டிக்கொண்டே ரெஜீனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். திரும்பிய மிரேய் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி. சூடு பண்ணாதீங்க."

அதற்குள் கிளாஸ் மூக்குக்குப் போயிருந்தது. குப்பென்று அடித்தது, வினிகர். மீனிலிருந்து அல்ல, ஒயினிலிருந்து.

ரெஜீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புற்றுநோய் வைத்தியத்துல அவருக்கு மூக்கும் நாக்கும் போயிடுச்சு" என்றாள் மிரேய். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. ஒரு பீப்பாய் புளிச்சுப் போனது அவருக்குத் தெரியல. மத்த பீப்பாய்ல ஆவியாகிக் குறைஞ்சதுக்கெல்லாம் அதையே ஊத்தி நிரப்பிட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"எனக்குத் தெரிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒரு வாய் குடிச்சிட்டு, 'இந்த வருஷம்தான் ரொம்ப நல்லா வந்திருக்கு'ன்னு சிரிச்சாரு அண்ணி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுக்கு அப்புறம் அவர் சிரிச்சது அன்னிக்கு ஒருநாள்தான். எப்படிச் சொல்றது?"

ரெஜீனுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. வெளியே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒயின்காரர்கள். யாராவது ஒருத்தர் கிளாஸைச் சூடேற்றி முகர்ந்து பார்த்தால் போதும், தம்பியின் பேர் இன்றைக்கே அவனோடு குழிக்குள் போய்விடும்.

இன்னொரு தட்டு மீனையும் தன் கிளாஸையும் எடுத்துக்கொண்டு அவளே வெளியே வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இந்தச் சாப்பாட்டு ஏற்பாடெல்லாம் தன்னுடையதுதான், குறை இருந்தால் தன்னைத் திட்டுங்கள் என்றாள்.

யாரும் திட்டவில்லை. "காஸ்தோன் கைப்பக்குவம் மாறவே இல்ல" என்றார் லூசியன். ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், படபடப்பில் தன்னையறியாமல் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

லூசியன் குனிந்து அவள் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"கையை எடும்மா. நாங்க யாராவது அப்படிப் பிடிச்சிருக்கோமா, பாரு."