வாக்குத்தத்த அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் அச்சிட்டிருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. விபத்துக்குப் பின் படுத்த படுக்கையாகிவிட்ட மனைவி பியூலாவுக்காக, சபைக் கோயிலில் வேலை பார்க்கும் மாசிலாமணி அட்டைப் பெட்டியையே வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியில் நின்று, சுகம் தருவதாகச் சொல்லும் அட்டைகளை மட்டும் பெட்டியில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உருவி எடுத்தான். எந்த வசனம் வரும் என்பதை ஆண்டவர் பொறுப்பில் விட அவனுக்குத் துணிவில்லை.

பியூலா கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தாள். வாசித்ததும் சிரித்துவிட்டாள்.

“ஏங்க, சுகம்னு வந்தா இன்னைக்கே எந்திரிச்சு நிக்கேன்னு ஆண்டவர்ட்ட சொல்லியிருந்தேன்.”

“ஏட்டி, கால ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

“டாக்டரா வாக்குக் கொடுத்தாரு? தள்ளி நில்லுங்க. நீங்க புடிச்சா நான் நம்பலன்னு ஆயிரும்.”

இரண்டு கால்களையும் கையால் தூக்கித் தரையில் வைத்தாள். உண்மையைச் சொல்லிவிட மாசிலாமணி வாயைத் திறந்தான். அவள் அதே சிரிப்போடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டான். கட்டில் சட்டத்தை அழுத்திப் பிடித்து அவள் எழும்பத் தொடங்கினாள். ஆண்டவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியாமலே அவன் கூப்பிட்டான்.