கழலாத வளையல்

“பைய இழுங்க! நாளைக்கு மாவாட்ட எனக்குக் கை வேணும்” என்று கத்தினாள் வடிவம்மாள்.

பாபநாசம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திருநெல்வேலி சந்திப்பில் பம்புசெட் மோட்டார் பழுதுபார்க்கும் கடை அவருடையது. ராதாபுரம் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள்கூட அவரிடம்தான் வரும். துருப்பிடித்து இறுகிய பேரிங்கையும் தண்டிலிருந்து கழற்றிவிடுவார். ஆனால் மனைவியின் கையிலிருந்து ஒரு வளையல் கழல மறுக்கிறது.

“மது, இங்கன வா. ஒண்ணு சொல்லுதேன் கேளு” என்று மகளைக் கூப்பிட்டார். விளக்கம் சொல்லாமல் அவருக்கு எந்த வேலையும் ஓடாது. “பேரிங் இறுகிக்கிட்டா அதைச் சூடாக்கணும். சூட்டுல இரும்பு விரியும். உள்ள இருக்க தண்டுக்குச் சூடு ஏறுததுக்குள்ள உருவிரணும்.”

“அப்ப அம்மாவை அடுப்புல வைக்கப் போறீயளா?”

“சொல்ல விடுட்டி. வெளிய சூடாக்க முடியலன்னா உள்ள இருக்கதைக் குளிர வைக்கணும். அது சுருங்கும். எதிர் வீட்டுல போயி ஐஸ் கட்டி வாங்கிட்டு வா.”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. டவுனில் புதிதாகத் திறந்த நிதி நிறுவனம் ஒன்று, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி தருவதாக அறிவித்திருந்தது. இன்றே கடைசி நாள். பக்கத்துக் கடை முத்துமாலை நேற்றே பணம் கட்டிவிட்டார். பாபநாசத்திடம் கையிருப்பு இல்லை. வடிவம்மாள் கையில் கிடந்த நான்கு வளையல்களை விற்றால்தான் உண்டு. மதுமதியைக் கல்லூரியில் படிக்கவைக்க அவர்களிடம் இருந்ததும் அந்த வளையல்கள்தான்.

“தங்கம் விலை இறங்கிக்கிட்டே போகுது. கையில கிடந்து தேயத்தான் செய்யுது. தங்கம் குட்டி போடுமா, சொல்லு?”

“போடாது. அதுக்காக ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டு ஓடவும் செய்யாது.”

“அப்ப முத்துமாலை முட்டாளா?”

“அதை நான் எப்படிச் சொல்ல? அவுக உங்க கூட்டாளி.”

ஒரு வாரமாக நடக்கும் வழக்கு இது. இன்று காலையில்தான் அவள் அலுத்துப்போய், “சரி, கழட்டிக்கிடுங்க” என்று கையை நீட்டியிருந்தாள்.

சோப்பு போட்டாயிற்று. தேங்காய் எண்ணெய் தடவியாயிற்று. ஐஸ் தண்ணீரில் கை விறைத்ததுதான் மிச்சம். எப்படி இழுத்தாலும் வளையல் ஒரே இடத்தில் வந்து நின்றது.

“பாத்தியா மது? கையிலயே அகலமான இடம் இதுதான். கட்டை விரலுக்கு அடியில இருக்க எலும்பு தடுக்கு. நீ பொறந்தப்பறம் உங்கம்மா கையும் பருத்துப் போச்சு. ஆசாரிகிட்டப் போனா ரெண்டு நிமிஷத்துல கத்தரிச்சு…”

“என்ன வார்த்தை பேசுதீய! நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில என் கையில கிடக்க வளையலைக் கத்தரிக்கவா?”

பாபநாசம் அவள் கையை விட்டுவிட்டார். ஒரு பெண்ணின் கை வளையலை எப்போது உடைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? ஐஸ் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் அந்த நிறுவனத்தின் ஷட்டர் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. பூட்டின் முன்னால் நின்ற கூட்டத்திலிருந்து முத்துமாலையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார் பாபநாசம்.

“உம்ம வீட்டுல வளையல் கழலலைன்னு அன்னைக்குச் சிரிச்சேன் வே” என்றார் முத்துமாலை. “என் வீட்டுல எல்லாம் லேசாக் கழண்டுட்டு.”

அன்று மாலை வீட்டுக்கு வந்த பாபநாசம் மனைவியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“காந்திமதி அம்மைதான் இதைப் பிடிச்சு நிறுத்தியிருக்கா வடிவு. நான் இழுத்த இழுப்புக்கு வேற எப்படி நிக்கும்?”

ஆடிப்பூரத் திருவிழாவில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. பை நிறையக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கண் கலங்கச் சந்நிதியில் நின்றார்.

அதே வாரம் மதுமதிக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தது.

“விக்க வேண்டாம். பேங்குல அடகு வச்சாப் போதும்” என்று பாபநாசம் உற்சாகமாக விளக்கத் தொடங்கினார். “தங்கம் வட்டி தராது, ஒத்துக்கிடுதேன். ஆனா தராசுல வச்ச அன்னைக்கே ரூவா ஆயிரும். எவன் கடையைப் பூட்டினாலும் அதுக்குக் கவலை இல்ல. கெட்ட நேரத்துல அதுக்கு அதுதான் வேலை.” சட்டென்று அவர் குரல் இறங்கியது. “ஆனா எப்படிக் கழட்ட? நம்மளைக் காப்பாத்துன வளையலை நானே கத்தரிக்கச் சொல்லணுமே…”

வடிவம்மாள் சோப்பும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், நான்கு வளையல்களையும் ஒவ்வொன்றாக உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏட்டி! எப்படி?”

“கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக் கையைத் தளர விட்டா, வளையல் தானா இறங்கிரும். அன்னைக்கு நீங்க இழுக்கையில நான் விரலை விறைப்பா விரிச்சுல்லா வச்சிருந்தேன்.”