சீரியல் மாமியார்

நாடக மேடையிலிருந்து சீரியலுக்குப் போன மாயக்காள், திரையில் பல மருமகள்களுக்கு விஷம் வைத்தவர். அதனாலேயே மகன் இனியனுக்கு யாரும் பெண் தரவில்லை. போடியில் பெண் பார்க்க வந்த வீட்டிலும் பெண்ணின் அம்மா காபி டம்ளரை நடுக்கத்தோடுதான் நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீக மதினி. மருமகளப் பாத்து 'இந்த வீட்டுல நீ சிரிக்கவே கூடாதுடி'ன்னு கத்துனீகளே, எனக்குத் தூக்கமே போச்சு."

"நான் வாய மட்டுந்தான் அசைப்பேன் மதினி. நம்மூருப் பேச்சு ஆகாதுன்னு சென்னையில வேற யாரோ குரல் குடுக்குறாக."

பெண் சுபாஸ்ரீ முன்னால் வந்தாள். "அது நான்தான் அத்தை."

"ஏன்டி, சென்னையில கம்ப்யூட்டர் வேலைன்னுதான சொன்ன?" என்றாள் அம்மா.

சுபாஸ்ரீ தொண்டையைச் செருமினாள். "இந்த வீட்டுல நீ சிரிக்கவே கூடாதுடி!"

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது மாயக்காள் கையில் டம்ளர் நடுங்கியது.