டயோடுக்குச் சொன்னது

“டயோடு, எங்கயும் போகப்படாது” என்றார் என் மாமனார், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்து.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

டயோடு என்பது பால் பல்கூட விழாத நாய்க்குட்டி. மாமனார் வெங்கடகிருஷ்ணன் ஏ.எஸ்.ராவ் நகர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாய்க்கு டைகர் என்று பெயர் வைக்க அவருக்கு மனம் வருமா? டயோடு என்றால் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்னச் சாமான். இந்த வீட்டில் பேச்சும் அப்படித்தான் ஓடும், அவரிடமிருந்து என் பக்கம்.

எனக்கு வேலை போய், வாடகை வீட்டைக் காலி செய்து, நானும் என் மனைவி ஹம்ஸினியும் அவர் வீட்டில் வந்து ஒண்டிய அதே வாரம்தான் டயோடும் வந்தது. ஹம்ஸினி காலையிலேயே ஆபீஸ் போய்விடுவாள். தண்டச்சோறு தின்ன மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

மாப்பிள்ளையை நேராக ஒரு சொல் சொல்வது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எனக்கு எப்போதும் “வாங்கோ மாப்பிள்ளை, உக்காருங்கோ மாப்பிள்ளை”தான். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. வசவெல்லாம் நாய்க்குட்டி கணக்கில் ஏறும்.

“எட்டு மணி வரைக்கும் தூங்கப்படாது, டயோடு.” அது ஐந்துக்கே எழுந்து தெருவை எழுப்புகிற ஜந்து.

“நாள் பூரா சோஃபால உருளறது நக்கோ.” நக்கோ என்றால் வேண்டாம்; இந்த ஊர் உருது அவர் தமிழிலும் ஒட்டிக்கொண்டது. சோஃபாவில் ஏறும் உயரம் டயோடுக்கு இன்னும் வரவில்லை.

“ஃபோனை நோண்டிண்டே சாப்பிடப்படாது.” இதற்கு டயோடு திரும்பி என்னைப் பார்த்தது. நாய்க்கே புரிந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அது உண்மையாகவே நாலு நல்ல பழக்கம் கற்றுக்கொண்டது. உட்கார் என்றால் உட்காரும். தட்டை வைத்தாலும், சொல்லும்வரை வாய் வைக்காது. ஒவ்வொரு முறையும் மாமனார் “சமத்து” என்று சொல்லி ஒரு பிஸ்கட் போடுவார். எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓசிச் சோறு தின்கிறவனுக்கு ரோஷம் ஒரு கேடா என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம்தான் பொறுக்கவில்லை. ராமச்சந்திராபுரத்திலிருந்து அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

மாமனார் டயோடின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். “உக்காந்து சாப்பிடறவாளுக்கு வாலாட்டவாவது தெரியணும், இல்லையா?”

சிநேகிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டயோடைப் பார்த்துச் சிரித்திருக்கலாம், அந்தச் சாமர்த்தியம்கூட அவருக்கு இல்லை. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

உடனே போய்ப் பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மல்காஜ்கிரியில் தினேஷ் என்ற நண்பனின் அறையில் ஒரு பாய் போட இடம் இருந்தது. ஹம்ஸினியிடம் சொல்லவில்லை; சொன்னால் அழுவாள். காலையில் பார்த்தால் பை பாதி வெளியே கிடக்கிறது, வாரெல்லாம் பல் தடம். டயோடின் கைங்கரியம். திட்டிக்கொண்டே திரும்ப உள்ளே தள்ளினேன்.

மதியம் சாப்பிட்டதும் கிளம்புவதாக உத்தேசம். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு கோபித்துக்கொள்ள நான் அவ்வளவு பெரிய வீரன் இல்லை.

மாமியார் வெளியே போயிருந்ததால் மாமனாரே பரிமாறிவிட்டு, தன் தட்டில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தார். மேஜை விரிப்பு எங்கள் முழங்கால்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

“கேட் திறந்திருந்தாலும் போகப்படாது” என்றார் மறுபடியும், கீழே பார்த்து. “பையைத் தூக்கிண்டு கிளம்பற வேலையெல்லாம் நக்கோ, டயோடு.”

நாய்க்கு ஏது பை?

நான் தலை நிமிரவில்லை. பிசைந்த ரசம் சாதத்தையே திரும்பப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“நேத்திக்கு வாய்க்கு வந்ததை உளறிட்டேன். எனக்குத்தான் மேனர்ஸ் போறாது. இது உன் வீடு, டயோடு.”

அவர் குரல் கம்மியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் அவருக்குத் தெரியாமல் செய்வதுபோல, அப்பளத்தில் ஒரு துண்டை ஒடித்து மேஜைக்கு அடியில் போட்டேன்.

நொறுங்கும் சத்தம் கேட்கவில்லை.

விரிப்பை விலக்கிக் குனிந்தேன். அப்பளம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாமனாரின் இரண்டு கால்கள், அவ்வளவுதான்.

தடுப்பூசி போட வேண்டும் என்று டயோடை மாமியார் கொண்டுபோயிருந்தார். மாமனார் அதைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டதை ஜன்னல் வழியாக நானே பார்த்திருந்தேன். பை நினைப்பில் மறந்துபோயிருந்தது.

நான் நிமிரவில்லை. குனிந்தபடியே அப்பளத் துண்டிடம் சொன்னேன்.

“டயோடு, யாரும் எங்கயும் போகலைன்னு மாமாகிட்ட சொல்லு. முதல்ல அவரைச் சாப்பிடச் சொல்லு.”

மேலே அவர் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது.

“சமத்து” என்றார்.

நிமிர்ந்தபோது என் தட்டில் ஒரு முழு அப்பளம் இருந்தது.