இரண்டு குழாய், இருபது நிமிடம்

இரண்டு கண்ணாடிக் குழாய்கள் மேசைமேல் நின்றன. இடது பக்கம் பாம்பு கடித்தவளின் ரத்தம். வலது பக்கம் தலைமை நர்ஸின் ரத்தம்.

இருபது நிமிடம் அவற்றை யாரும் தொடக்கூடாது. பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் விஷம் முறிந்தது. ஓடினால் இன்னும் பத்து பாட்டில் மருந்து ஏற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்ததே பத்து பாட்டில்தான்.

தன் ரத்தத்தைத் தலைமை நர்ஸ் எடுத்து வைத்தது புது டாக்டரின் வாயை அடைக்க. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் இருபத்தாறு வருஷம் விஷக்கடி பார்த்தவளிடம் கேள்வி கேட்கிறார்.

கேட்டது வேறொன்றுமில்லை. குழாய் புதுசா, கழுவினதா என்று கேட்டார். சோப்பு பட்ட கண்ணாடியில் ரத்தம் சரியாக உறையாது என்று எங்கேயோ படித்தாராம்.

படித்திருப்பார். படிப்பதற்கு என்ன, கண் இருந்தால் போதும்.

புதுக் குழாய்கள் பிரிக்காத டப்பாவாக அலமாரியில் இருந்தன. சாவி அவளிடம். வருகிற போகிறவர்கள் எல்லாம் எடுத்துப் பாழாக்கவா அது? பழையதை அவளே கழுவுவாள். சோப்புத்தூள், பிரஷ், மூன்று தரம் வெந்நீர். கழுவி வைத்தால் உள்ளே முகம் பார்க்கலாம். வார்டில் அவளுக்குச் சோப்புக்காரம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவளுக்குத் தெரியும். அதை ஒரு பட்டம் போலவே வைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் புருஷன்காரன் நின்றான். செங்கல் சூளையில் வேலை. காலையில் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த லட்சணத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது.

முழங்காலுக்கு மேல் நைலான் கயிறு. கடிவாயில் பிளேடு கீறல். போதாததற்குக் கையில் ஒரு பெயின்ட் வாளி, அதற்குள் அடித்துக் கொன்ற விரியன். அதைத் தேடிப் பிடித்து அடிக்கவே முக்கால் மணி நேரம் போயிருந்தது. பாம்புக்கா வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று அவள் கேட்டாள். அவன் மூடியைத் திறந்து காட்டினான்.

பாம்பை வெளியே போட்டுவிட்டு வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னாள். அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பாடம் நடத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கய்யா. ரத்தம் உறையாம ஓடுச்சுன்னா உடம்புல பாம்பு விஷம் இருக்குன்னு அர்த்தம். எங்க, திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். வார்டே சிரித்தது.

அப்போது குழாயிலும் ரத்தம் ஓடியது, பெண்டாட்டியின் பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. முதல் பத்து பாட்டில் ஏறியது. மதியத்துக்குள் ஈறு காய்ந்துவிட்டது. பசிக்கிறது என்றுகூடச் சொன்னாள். ஆனால் குழாயில் மட்டும் ரத்தம் ஓடியது.

டாக்டர் அப்போதே இழுத்தார். ஈறில் நின்றுவிட்டதே, கொஞ்சம் பார்க்கலாமே என்றார். பார்த்துக்கொண்டே இருங்கள், சிறுநீரகம் இரண்டும் போகட்டும் என்று தலைமை நர்ஸ் சொன்னாள். இரண்டாவது பத்து ஏறியது.

கால் மணி நேரத்தில் மருந்தே கடிபட்டவளுக்கு ஒவ்வாமல் போயிற்று. முகம் வீங்கித் தொண்டை அடைத்தது. ரத்த அழுத்தம் அளவுக்கே சிக்கவில்லை. தொடையில் இரண்டு ஊசி போட்டு அவளை மீட்டார்கள். அதுவரைக்கும் புருஷன்காரன் காலி வாளியைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

மூன்றாவது பத்தை ஏற்றி மறுபடியும் இப்படி ஆனால் மீட்க முடியுமா என்று டாக்டருக்குத் தெரியாது. மருந்து போடாமல் விட்டு, உள்ளே விஷம் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் குழாயைப் பற்றிக் கேட்டார்.

தலைமை நர்ஸ் தன் சட்டைக்கையைச் சுருட்டி, தானே ஊசியைக் குத்தி, கழுவி வைத்த அதே வரிசையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து நிரப்பினாள்.

"என் ரத்தம் உறையுதா இல்லையான்னு பாருங்க சார். அப்புறம் நீங்க படிச்சதைப் பேசலாம்."

பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. கட்டிலில் இருந்தவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். யாரும் நகரவில்லை.

இருபது.

தலைமை நர்ஸ் இடது குழாயைச் சாய்த்தாள். ஓடியது. டாக்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பத்து பாட்டிலும் தட்டில் தயாராக இருந்தன.

வலது குழாயை அவர் முகத்துக்கு நேராகவே சாய்த்தாள்.

ஓடியது.

நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்த்தாள். வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று.

டாக்டர் பத்து பாட்டிலையும் ஒவ்வொன்றாகக் குளிர்ப்பெட்டியில் திருப்பி வைத்தார். பிறகு அலமாரிச் சாவிக்காகக் கையை நீட்டினார். அவளுடைய பாக்கெட்டில் சாவி இருந்தது. கைக்குத்தான் சிக்கவில்லை.

புருஷன்காரன் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டான். சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் மறக்கவில்லை.

"உக்காருங்க சிஸ்டர். உங்களை எப்பக் கடிச்சுது?"

கேலியாகக் கேட்கவில்லை. பதறிப்போய்த்தான் கேட்டான்.